சிதிலங்களைத் தேடிக் காரில் ஒரு பயணம்: இளைஞர் குழுக்களுக்கான முழுமையான வழிகாட்டி

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு காரை எடுத்துக்கொண்டு, ஆயிரம் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஓர் இடிந்த நகரத்தைப் பார்க்கப் போவது இளம் வயதிலேயே செய்துவிட வேண்டிய பயணம். திட்டம் போடும்போது பெரும்பாலும் எல்லோரும் போகும் வழியைப் பற்றித்தான் பேசுவார்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த நெடுஞ்சாலை, எங்கே நிறுத்துவது என்று. நான் முதலில் கேட்பது வேறு: திரும்பி வரும்போது யார் ஓட்டப்போகிறார்கள், அப்போது அவர் எந்த நிலையில் இருப்பார்?

விடிவதற்கு முன் எழுந்து மூன்று மணி நேரம் ஓட்டியிருக்கிறார். நிழலே இல்லாத கல்வெளியில் ஆறு மணி நேரம் நடந்திருக்கிறார். உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. சாய்ந்த வெயில் கண்ணில் குத்த, மறுபடியும் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிறார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் செயல்வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுவதாக 1990களின் பிற்பகுதியிலேயே ஆய்வுகள் காட்டிவிட்டன. சாலை விபத்துகளில் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 5 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணமும் அதுதான்.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே எண்ணத்தைச் சுற்றித்தான் போகிறது. காரில் நல்ல பாதுகாப்புத் தொழில்நுட்பம் இருக்கட்டும், ஆனால் அதில் ஒன்றுகூட வேலை செய்யவேண்டிய தேவை வராதபடி நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: இடத்தின் விதிகளைப் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள்

வண்டியை முதலில் பதிவு செய்துவிட்டு, இடத்தைப் பற்றி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். புகழ்பெற்ற தொல்லியல் இடங்கள் பலவற்றில் இப்போது நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. எரிமலையில் புதைந்த இத்தாலிய நகரமான பொம்பேயில் 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை, டிக்கெட்டிலும் பார்வையாளரின் பெயர் இருக்கும். பெரு நாட்டின் மச்சு பிச்சு டிக்கெட்டில் நுழையும் நேரமும் நடக்கவேண்டிய பாதையும் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்துக்கு உங்கள் கார் போகவும் போகாது. ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ரயிலிலோ நடந்தோதான் மலையடிவார ஊருக்குப் போகவேண்டும். இது தெரியாமல் முழுப் பயணத்துக்கும் வாடகைக் கார் எடுத்தால், அது இரண்டு மூன்று நாள் சும்மா நிற்கும்.

பரப்பளவையும் பாருங்கள். கம்போடியாவின் அங்கோர் தொல்லியல் பூங்கா சுமார் 400 சதுர கி.மீ. விரிந்து கிடக்கிறது. ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள் என்று அங்கே அனுமதிச்சீட்டு தருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று போகும் குழுதான் கடைசியில் களைத்துப்போய் இருட்டில் வண்டி ஓட்டுகிறது. மூன்று நாள் சீட்டை எடுங்கள், காலையில் மட்டும் பாருங்கள்.

பருவநிலை விஷயத்தில் இன்னும் கறாராக இருக்கவேண்டும். ஜோர்டானின் பழைய நகரமான பெட்ராவுக்குள் போகும் வழியான சிக் என்பது சுமார் 1.2 கி.மீ. நீளமுள்ள குறுகிய மலைப்பிளவு. எங்கோ தொலைவில் மேட்டு நிலத்தில் பெய்யும் மழை, இங்கே தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்து சேரலாம். 1963 ஏப்ரலில் அந்தப் பிளவுக்குள் வந்த வெள்ளத்தில் 20க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 2018 நவம்பரிலும் வெள்ளம் வந்தது, ஆயிரக்கணக்கானவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பள்ளத்தாக்கிலோ ஆற்றுப்படுகையிலோ இருக்கும் இடமாக இருந்தால், அந்த இடத்துக்கு மட்டுமல்லாமல் சுற்றியுள்ள மலைப்பகுதி முழுவதற்குமான வானிலை அறிவிப்பைப் பாருங்கள். நுழைவாயிலில் இருப்பவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேண்டாம்தான்.

படி 2: படுக்கையைச் சிதிலத்துக்குப் பக்கத்தில் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். பார்க்கப்போகும் இடத்திலிருந்து அரைமணி நேரத் தொலைவுக்குள் இரண்டு இரவு தங்குங்கள். முதல் நாள் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருவது, இரண்டாம் நாள் வாசல் திறக்கும்போது உள்ளே நுழைவது, மூன்றாம் நாள் தூங்கி எழுந்து காலையில் திரும்புவது. சுற்றிப் பார்த்த நாளில் நெடுந்தூரம் ஓட்டவேண்டிய அவசியமே வராது.

செலவு கூடுமே என்றுதான் இளைஞர்கள் தயங்குவார்கள். இந்தத் தயக்கத்துக்காகவே பிறந்தவைதான் இளைஞர் விடுதிகள். ஜெர்மனியில் ஆசிரியராக இருந்த ரிச்சர்ட் ஷிர்மன், 1909இல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல்மழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளில் இளைஞர்களைத் தங்கவைத்தால் என்ன என்று அவருக்கு அன்று தோன்றியது. 1912இல் ஆல்டெனா என்ற ஊரின் பழைய கோட்டைக்குள் நிரந்தர விடுதி திறக்கப்பட்டது. 1932இல் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து சர்வதேசக் கூட்டமைப்பாயின. இளைஞர் சுற்றுலாவும் பழைய கற்கட்டடங்களும் தொடக்கத்திலிருந்தே ஒரே கூரையின் கீழ் இருந்தவை என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

விடுதியைப் பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இரவில் கார் நிறுத்த இடம் உண்டா? வரவேற்பு மேசை எத்தனை மணி வரை திறந்திருக்கும்? அதிகாலையில் கதவைத் திறந்து வெளியேற முடியுமா? இரண்டாவது கேள்விக்கு ‘ஒன்பது மணி வரை’ என்று பதில் வந்தால், அதற்குள் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம் வண்டியின் வேகத்தில் தெரிய ஆரம்பிக்கும். தாமதமாக வந்தாலும் சாவி கிடைக்கும் இடமாகப் பாருங்கள்.

வயதுச் சலுகைகளையும் விடாதீர்கள். பல நாடுகளில் அரசுத் தொல்லியல் இடங்களுக்கு மாணவர்களுக்கும் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கட்டணம் குறைவு. சில இடங்களில் அது அந்தப் பிரதேசத்துக் குடிமக்களுக்கு மட்டும் பொருந்தும். இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயது வரைக்கான சலுகை ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை மனதில் வைத்தே இருக்கிறது. ஐசிக் எனப்படும் சர்வதேச மாணவர் அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் அடையாள அட்டையும் வேண்டும், செல்பேசியில் இருக்கும் படத்தைச் சில வாசல்களில் ஏற்கமாட்டார்கள்.

படி 3: காகிதங்கள்

வேறு நாட்டில் ஓட்டுவதாக இருந்தால் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச்சீட்டு தேவைப்படலாம். இது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மாதிரிதான், அசல் உரிமம் கூடவே இல்லாவிட்டால் செல்லாது. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின் கீழ் ஒரு வகை, 1968 வியன்னா ஒப்பந்தத்தின் கீழ் இன்னொரு வகை என்று தருகிறார்கள். ஜப்பான் 1949 வகையை மட்டும்தான் ஏற்கிறது. போகும் நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து அதை வாங்குங்கள்.

வாடகை நிறுவனங்கள் பலவும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கார் தருவதில்லை. 25க்குக் குறைந்தவர்களிடம் கூடுதல் கட்டணம் கேட்பதும் வழக்கம். அந்தக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக ஒருவர் பெயரில் எடுத்து இன்னொருவர் ஓட்டுவது நடக்கிறது. செய்யாதீர்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டும்போது ஏதாவது நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். இரண்டு ஓட்டுநர்களைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள், மாற்றி ஓட்ட ஆள் இருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு வசதி எந்தக் காரிலும் இல்லை.

படி 4: எந்தக் கார், எந்தத் தொழில்நுட்பம்

விளம்பரங்களில் திரையின் அளவும் கூரைக் கண்ணாடியும் முன்னால் நிற்கும். நீங்கள் கேட்கவேண்டியவை வேறு.

முதலில் இஎஸ்சி, அதாவது மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு. ஸ்டீயரிங்கை நீங்கள் எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறீர்கள், வண்டி உண்மையில் எந்தப் பக்கம் போகிறது என்று சென்சார்கள் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் வண்டி சறுக்குகிறது என்று பொருள். உடனே தேவையான ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேர்ப்படுத்தும். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக பிரேக் போடுவது எந்த மனிதக் காலாலும் முடியாத வேலை. 1995இல் சொகுசுக் கார்களில் அறிமுகமான இது, அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 இறுதியிலிருந்தும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். பழைய வண்டிதான் கிடைக்கிறது என்றால் வேறு எது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் ஏற்பாடு, இன்னும் பழையது. அதன் இன்றைய மின்னணு வடிவம் 1978இல் வந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவசரத்தில் பிரேக்கை முழுக்க அழுத்தும்போது பெடல் காலடியில் படபடவென்று துடிக்கும், கரகரவென்று சத்தமும் வரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தத் துடிப்புதான் அது வேலை செய்வதன் அடையாளம். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே, தடையைச் சுற்றி ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் திருப்ப முடிவதுதான் ஏபிஎஸ் தரும் பலன். குழுவில் ஓட்டப்போகிறவர்கள் ஒவ்வொருவரும், ஆளில்லாத திறந்த இடத்தில் குறைந்த வேகத்தில் ஒருமுறை இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

தானியங்கி அவசர பிரேக், முன்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவையும் வண்டியின் முகப்பில் உள்ள ரேடாரையும் நம்பி இயங்குகிறது. நகர நெரிசலில், முன்னால் போகும் வண்டி திடீரென்று நிற்கும்போது அது உண்மையிலேயே காப்பாற்றும். சேறு படிந்த சென்சார், எதிர்வெயில், கனமழை, இருட்டில் குறுக்கே வரும் விலங்கு ஆகியவற்றை வைத்து அதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். சிதிலங்களை நோக்கிப் போகும் கடைசிச் சில கிலோமீட்டரில் இருப்பதெல்லாம் இவைதான். வண்டியைத் தடக்கோட்டுக்குள் வைத்திருக்கும் லேன் கீப்பிங்கும் அப்படியே. கோடு அழிந்த சாலையில் அதற்குப் பார்க்க ஒன்றுமில்லை.

வேகத்தையும் தடத்தையும் கார் தானாகப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இரண்டாம் நிலைத் தானியக்கம் எனப்படும். பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை உள்ள நிலைகளில் இது இரண்டுதான். கண்ணும் பொறுப்பும் ஓட்டுநருடையவை. நீண்ட நெடுஞ்சாலையில் காலுக்கு ஓய்வு கிடைக்கும், அவ்வளவுதான். களைத்தவர் கையில் இதைக் கொடுத்தால் அவர் சீக்கிரம் தூங்குவார்.

மோதல் சோதனை நட்சத்திரங்களைப் பார்க்கும்போது ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பாவில் கார்களை மோதவைத்துச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு 1997இல் முதல் முடிவுகளை வெளியிட்டதிலிருந்து தேர்வைக் கடினமாக்கிக்கொண்டே வருகிறது. பத்தாண்டுக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

படி 5: கிளம்பும் முன் இருபது நிமிடம்

சாவியை வாங்கியதும் கிளம்பாதீர்கள். நிறுத்திய இடத்திலேயே வண்டியோடு பழகுங்கள்.

டயரில் தொடங்குங்கள். காற்றழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவு நிலையில் ஒட்டியிருக்கும். ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறும்போது எவ்வளவு என்று தனியாகவும் போட்டிருப்பார்கள், அந்த அளவை வையுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பல நாடுகளில் சட்டப்படியே ஓட்டக்கூடாது. மழை நாளில் அதற்கு முன்பே பிடிமானம் குறைந்துவிடும். டயர் வழுவழுப்பாக இருந்தால் வேறு வண்டி கேளுங்கள், கூச்சப்படவேண்டாம். சாலையைத் தொடுவது அந்த நான்கு ரப்பர்த் துண்டுகள் மட்டுமே. இஎஸ்சி, ஏபிஎஸ் எல்லாம் அவற்றின் பிடியை வைத்துத்தான் வேலை செய்கின்றன.

அப்புறம் இருக்கை. தலைதாங்கியின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்துக்கு வரட்டும். சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படியவேண்டும். இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்றுமுனை பெல்ட்டை 1959இல் வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். அந்தக் காப்புரிமையை எல்லாத் தயாரிப்பாளர்களும் பயன்படுத்த நிறுவனம் அனுமதித்தது. பெல்ட் போட்டால் முன்னிருக்கையில் இருப்பவர் இறக்கும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பின்னிருக்கைக்காரர்கள் போடாமல் இருந்தால், மோதலில் அவர்கள் முன்னே பாய்ந்து முன்னால் இருப்பவரை நசுக்கிவிடுவார்கள். ஐந்து பெல்ட்டும் மாட்டிய பிறகுதான் வண்டி நகரவேண்டும்.

கேமரா, முக்காலி, தண்ணீர்க்குடுவை எதையும் பின்கண்ணாடிப் பலகையில் வைக்காதீர்கள். கனமானவை டிக்கியின் அடியில் போகட்டும். ஹெட்லைட், வைப்பர், கண்ணாடிப் பனியை நீக்கும் பொத்தான், அபாய விளக்கு எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமலே கை போகும்வரை தொட்டுப் பாருங்கள். வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: சாலையில்

மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்குச் சுமார் 28 மீட்டர் போகும். செல்பேசியை இரண்டு நொடி பார்த்தால் 55 மீட்டரைப் பார்க்காமல் கடந்திருப்பீர்கள். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகும். முன்னால் போகும் வண்டி ஒரு மரத்தைக் கடந்ததும் எண்ண ஆரம்பியுங்கள். நீங்கள் அந்த மரத்துக்கு வர மூன்று நொடியாவது ஆகவேண்டும், மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள்.

ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை சும்மா உட்காரும் இடம் இல்லை. வழி சொல்வது, அழைப்புகளுக்குப் பதில் சொல்வது, பாட்டு மாற்றுவது, ஓட்டுநரின் கண்ணைக் கவனிப்பது எல்லாம் அங்கே இருப்பவரின் வேலை. அவர் தூங்கக்கூடாது, தூக்கம் வந்தால் பின்னால் போகட்டும். இளம் ஓட்டுநரின் காரில் அதே வயதுத் தோழர்கள் ஏறும்போது விபத்து அபாயம் கூடுவது பல நாடுகளில் தெரிந்த விஷயம். புதிய ஓட்டுநர்களுக்கு இரவு ஓட்டவும் நண்பர்களை ஏற்றவும் கட்டுப்பாடு வைப்பது அதனால்தான். பின்னிருக்கைக் கும்மாளத்தை நிறுத்துமிடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆளை மாற்றுங்கள். உள்ளுடல் கடிகாரம் தூக்கத்தை அதிகம் இழுப்பது நள்ளிரவுக்குப் பின் விடியல் வரையும், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரையும். காபிக் கோப்பைச் சின்னம் திரையில் வந்தால், ஸ்டீயரிங் அசைவிலோ கண்ணிமையிலோ கார் உங்கள் களைப்பைக் கண்டுபிடித்துவிட்டது. ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் தூக்கத்துக்கு மாற்று இல்லை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள்.

பழகாத பக்கம் ஓட்டும் நாட்டில் நெரிசல் அவ்வளவு ஆபத்தில்லை, முன்னால் போகும் வண்டிகள் வழிகாட்டும். காலியான கிராமச் சாலையில், ஓர் இடைவேளைக்குப் பின் வண்டியை எடுக்கும்போதுதான் கை பழைய பக்கத்துக்குப் போகும். அப்போதெல்லாம் பக்கத்து இருக்கைக்காரர் எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

படி 7: சிதிலத்துக்குள்

வாசல் திறக்கும்போதே உள்ளே போங்கள். வெயில் சாய்வாக விழும் காலையில்தான் தேய்ந்த செதுக்கல்களும் எழுத்துகளும் தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். கூட்டமும் குறைவு.

புகழ்பெற்ற கட்டடத்துக்கு நேராக ஓடாமல், இந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். கால்வாய், தொட்டி, கிணறு, வடிகால் எல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தால் மக்கள் வாழ்ந்த ஊர் விளங்கும். அடுத்து தெருவைப் பாருங்கள். பொம்பேயில் தெருவுக்குக் குறுக்கே உயரமான கற்கள் வரிசையாக இருக்கும். கழிவும் மழைநீரும் ஓடும் தெருவில் கால் நனையாமல் மறுபக்கம் போவதற்கான நடைகற்கள் அவை. கற்களுக்கு நடுவில் வண்டிச் சக்கரம் போகும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். சக்கரங்கள் தேய்த்த தடம் பாறையில் ஆழமாகப் பதிந்திருக்கும். குனிந்து விரலளவு ஆழத்தைப் பாருங்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை ஊரை மூடுவதற்கு முன், நடப்பவருக்கும் வண்டிக்கும் ஒரே தெருவில் இடம் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு அது.

எது அசல், எது பிற்காலத்தில் சேர்த்தது என்றும் கேட்டுப் பழகுங்கள். கிரீட் தீவின் நாசஸ் அரண்மனையில் இன்று நிமிர்ந்து நிற்கும் பகுதிகளில் கணிசமானவை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் கான்கிரீட்டில் எழுப்பியவை. அங்கோரின் தா ப்ரோம் கோயிலில் மரவேர்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். இரண்டும் மனிதர்கள் எடுத்த முடிவுகள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தினால் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நல்ல பதில் கிடைக்கும்.

ஏறாதீர்கள், சாயாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள். மெக்சிகோவில் சிச்சென் இட்சாவின் பெரிய பிரமிடில் ஏறுவதை 2006இல் நிறுத்திவிட்டார்கள். ஹம்பியில் 2019இல் சில இளைஞர்கள் ஒரு கல்தூணைத் தள்ளிச் சாய்க்கும் காணொளி பரவியது. நீதிமன்றம் அபராதம் விதித்ததோடு, சாய்த்த தூணை அவர்களைக் கொண்டே மறுபடியும் நிமிர்த்தவும் வைத்தது. நூற்றாண்டுகளைத் தாங்கி நின்ற தூணுக்கு எதிரி ஒரு நிமிட உற்சாகம் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. ட்ரோனுக்கும் முக்காலிக்கும் பெரும்பாலான இடங்களில் தனி அனுமதி வேண்டும்.

இந்த இடங்கள் மேல் பிடிப்பு வந்துவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தன்னார்வலர் திட்டம் 2008இலிருந்து நடக்கிறது. அடுத்த விடுமுறையில் பார்வையாளராகப் போகாமல் வேலை செய்யப் போகலாம்.

படி 8: திரும்புதல்

மதியத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் யாருக்காவது இருந்தால் அது வெப்பச் சோர்வாக இருக்கலாம். நிழல், தண்ணீர், ஓய்வு கொடுங்கள், அன்றைக்கு அவர் ஓட்டவேண்டாம். குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ உடனே அவசர உதவியை அழையுங்கள்.

அன்றே திரும்பியாகவேண்டும் என்ற நிலை வந்தால், ஓட்டப்போகிறவரைக் காலையிலேயே முடிவு செய்யுங்கள். அவர் பாதி இடத்தை மட்டும் பார்க்கட்டும், மதியம் நிழலில் தூங்கட்டும். இருட்டுவதற்குள் பெரிய சாலையைத் தொட்டுவிடும்படி கிளம்புங்கள். மேற்கு நோக்கிய சாலையென்றால் சூரியன் தாழும் அந்த ஒரு மணி நேரத்தை எங்காவது நின்று கழித்துவிடுவது நல்லது. கிளம்பும் முன் முன்கண்ணாடியின் உட்புறத்தைத் துடையுங்கள், தூசிப்படலம்தான் எதிர்வெளிச்சத்தைப் பரப்பிக் கண்ணைக் கூசவைக்கும்.

வண்டியை ஒப்படைக்கும்போது நான்கு பக்கமும், சக்கரங்களும், கிலோமீட்டர் எண்ணும், எரிபொருள் அளவும் தெரியும்படி படம் எடுத்து, ஊழியர் முன்னிலையில் கையெழுத்து வாங்குங்கள். ப்ளூடூத்தில் இணைத்த செல்பேசிகளையும், நேவிகேஷனில் பதிந்த முகவரிகளையும் அழித்துவிடுங்கள், அவை அடுத்து எடுப்பவருக்குத் தெரியும். இருக்கைகளுக்கு அடியில் ஒருமுறை கையை விட்டுத் துழாவிய பிறகு சாவியைக் கொடுங்கள்.